சத்திரத்து ஊர்க்காரிக்குப் பட்டணத்தில் வீடு இல்லை

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு ஒரு தங்கச்சியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பிள்ளை. பி.காம். முடித்து, சென்னையில் வேலை கிடைத்து, கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கி இரண்டு வாரம் ஆகிறது. "அக்கா, வீடு பிடிச்சுப் போச்சு. ஓனரம்மாவும் சரின்னுட்டாங்க. ஆதார் ஜெராக்ஸ் கேக்குறாங்க. அதுல அட்ரஸ்ல காலனின்னு இருக்கே, குடுக்கட்டுமா?"

சமூகவியலில் எம்.ஏ. படித்திருக்கிறேன், பத்து வருடத்துக்கு மேல் களத்தில் வேலை செய்கிறேன். இந்த ஒரு வரிக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் இதே கேள்வியோடு 2013-இல் நானும் ஒரு வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். அன்று ஆதார் இவ்வளவு புழக்கத்தில் இல்லை, வாக்காளர் அட்டை. மற்றபடி எல்லாம் அதேதான்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. திண்டுக்கல்லில் இருந்து பழனி போகிற சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். இன்னும் மேற்கே போனால் ஒட்டன்சத்திரம். சத்திரம் என்றால் வழிப்போக்கன் தங்குகிற இடம். ஊர் பெயர் தெரியாதவனுக்கும் ஒரு ராத்திரி கூரை கொடுக்கிற இடம். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்திரத்துத் திண்ணையில் என் முப்பாட்டன் துண்டை விரித்துப் படுத்திருக்க முடியுமா என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டேன். "நாம தண்ணி குடிக்கவே தூர நின்னவங்க, நீ படுக்கிறதைப் பத்திப் பேசுற" என்றார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பியவள்தான் நான்.

கிளம்பும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பேராசிரியர், எங்கள் இயக்கத்துத் தோழர்கள், சாதி இந்து நண்பர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. "மெட்ராஸ் போயிட்டா சாதியெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க." இந்த வாக்கியத்தோடுதான் என் சண்டை.

முதல் சில வாரம் அந்த வாக்கியம் உண்மை போலத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கோயம்பேட்டில் இறங்கி ஒரு டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வாங்கினேன். பக்கத்தில் நின்றவர் குடித்த அதே டம்ளர், அதே தண்ணீரில் முக்கியது. எங்கள் பக்கத்தில் டம்ளருக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்தில் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தேன், யாரும் எழுந்து போகவில்லை. செருப்பைக் கழற்றாமல் எந்தத் தெருவிலும் நடந்தேன். என் அம்மா இருபது வருடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த தெரு ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அந்த நடையின் ருசி தெரியாதவர்கள் "நகரமும் கிராமமும் ஒண்ணுதான்" என்று எழுதுவார்கள். ஒன்றில்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ரயிலேறினார்கள்.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மேற்கு மாம்பலம் பக்கம் நடக்கும்போது பலகைகளைப் பார்த்து அசந்துபோனேன். போஸ்டல் காலனி. இன்னும் தெற்கே போனால் எல்.ஐ.சி. காலனி, ஆபிசர்ஸ் காலனி. திண்டுக்கல் மாவட்டத்தில் "காலனி" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அது நாங்கள். இங்கே வங்கி அதிகாரிகள் நிமிர்ந்து நின்று "நான் அந்தக் காலனி" என்கிறார்கள்! வேளச்சேரியைப் பாருங்கள். பெயரிலேயே சேரி இருக்கிறது, அடுக்குமாடி ஃப்ளாட் கோடி ரூபாய்க்குப் போகிறது. சொல்லின் அழுக்கு சொல்லில் இல்லை, சொல்கிற ஆளைப் பொறுத்தது என்று அன்றைக்கு நோட்டில் எழுதி வைத்தேன். எம்.ஏ. முடித்த சூடு.

பிறகு வீடு தேடினேன்.

அலுவலகம் தரமணி பக்கம். அதனால் வேளச்சேரி, ஆதம்பாக்கம், நங்கநல்லூர், திருவான்மியூர், மந்தைவெளி என்று சுற்றினேன். பதினேழு வீடு பார்த்தேன். சென்னை எப்படிச் சாதி கேட்கும் என்பதை அந்தப் பதினேழு வாசலில்தான் கற்றுக்கொண்டேன். நேராக ஒருவர்கூடக் கேட்கவில்லை. "எந்த ஊரும்மா?" "திண்டுக்கல்." "திண்டுக்கல்ல?" "ரெட்டியார்சத்திரம்." இந்த இடத்தில் ஊர்ப் பெயர் கொஞ்ச நேரம் எனக்கு உதவி செய்யும். பெயரைக் கேட்டதும் ஒரு மலர்ச்சி. அடுத்து, "அங்க எந்தத் தெரு?" "அப்பா என்ன பண்றார்? சொந்த நிலமா?" "குலதெய்வம் எது?" ஒரு பெரியவர் என் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கப் போகிறவர் மாதிரி தாத்தா பெயர் வரைக்கும் போனார். கடைசியாக, எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிற சாவி: "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

இந்திய அரசின் பதிவாளர் அலுவலகம் 2014-இல் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் கறி, மீன் சாப்பிடுகிறவர்கள். அப்புறம் எதற்கு இத்தனை வாசலில் "வெஜிடேரியன் ஒன்லி" பலகை? அதில் நான் பார்த்த சில வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கிறவர்கள்தான். மூக்கைத் துளைக்கிறது வாசம், கேள்வி மட்டும் சைவம். சாம்பார் வாசனையில் அக்கறை உள்ள எவரோடும் எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்தப் பலகை சமையலறைக்கு மாட்டியது இல்லை. சாதி என்ற சொல்லைச் சொல்லாமலே சாதி கேட்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இதைச் சொன்னதும் சில தோழர்கள் உடனே மயிலாப்பூர் பக்கம் கையைக் காட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பதினேழில் பெரும்பாலான வீடுகள் இடைநிலைச் சாதிக்காரர்களுடையவை. ஒரு வீட்டு ஹாலில் பெரியார் படம் போட்ட காலண்டர் தொங்கியது. அந்த வீட்டுக்காரர்தான் என்னிடம் அதிக நேரம் அன்பாகப் பேசினார், காபி கொடுத்தார், ஒரு மாத வாடகையை டோக்கன் அட்வான்ஸாக வாங்கிக்கொண்டார். மறுநாள் வாக்காளர் அட்டை நகல் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகவரியைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுப் படித்தார். சாயந்தரம் போன் வந்தது: "மும்பையில இருந்து பையன் குடும்பத்தோட வர்றான்மா. தப்பா எடுத்துக்காதீங்க." பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்! நான்கு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மாடியில் வேறு குடும்பம் இருந்தது. பையன் மும்பையிலேயே இருக்கிறான் போல.

காலனி என்ற சொல்லுக்கு நகரத்தில் அழுக்கு இல்லை என்று எழுதி வைத்தேனே, அந்த நோட்டை அன்று மூடினேன். "எல்.ஐ.சி. காலனி" படிக்கத் தெரிந்தவருக்கு, ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் "காலனி"யையும் சரியாகப் படிக்கத் தெரியும்.

கடைசியில் உடன் வேலை செய்த ஒருவர் வழியாக வியாசர்பாடியில் ஒரு அம்மா வீட்டில் அறை கிடைத்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை அந்த அம்மா. "சாப்ட்டியா?" என்றார், அவ்வளவுதான். தினமும் வியாசர்பாடி ஜீவாவில் ஏறி, கடற்கரை நிலையத்தில் மாறி, பறக்கும் ரயிலில் தரமணி. நகரத்தின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு. அங்கே நான் நன்றாக இருந்தேன், வாழ்க்கையின் நல்ல வருடங்கள் அவை. ஆனால் யாராவது "உங்க ஆளுங்க ஏன் எப்பவும் உங்க ஏரியாவிலேயே போய் இருக்கீங்க?" என்று கேட்டால் எனக்குக் கோபம் தலைக்கேறும். பதினேழு கதவு சேர்ந்து தள்ளிவிட்ட இடத்தை என் விருப்பம் என்று எழுதாதீர்கள். நாட்டின் ஏழு பெருநகரங்களின் வார்டு வாரியான 2001 கணக்கெடுப்பை வைத்து எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் 2012-இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் சென்னையும் உண்டு. வருமானம், வசதி பிரிப்பதைவிடச் சாதிதான் நகரத்தை அதிகமாகப் பிரிக்கிறது என்றது அந்த ஆய்வு.

இந்த இடத்தில் அம்பேத்கரைக் கொண்டுவருவார்கள். "கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னதே அவர்தானே?" 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட உரை நம் எல்லோருக்கும் மனப்பாடம். நகரம் தீட்டில்லாதது என்று அவர் எங்கே சொன்னார்? சொல்லியிருக்கவே முடியாது. பரோடா அவர் உடம்பில் இருந்தது.

1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த மனிதர், பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வருகிறார். நகரத்தில் தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் கையில் தடியோடு ஒரு டஜன் பேர் வந்து நிற்கிறார்கள். சாயந்தரத்துக்குள் காலி செய்யவேண்டும். இந்து நண்பரிடம் போகிறார்; நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார் அவர். கிறிஸ்தவ நண்பரிடம் போகிறார். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார் இவர். ராத்திரி பம்பாய் ரயில் வரும்வரை காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார் என்று அவரே தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஒரு கிராமம் அவருக்கு இதைச் செய்யவில்லை. ரயில் வசதியும் பூங்காவும் உள்ள நகரம் செய்தது. பெயரை மாற்றிச் சொல்லித் தங்கியதும் நம்மில் முதலில் யாரோ கண்டுபிடித்த தந்திரம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கிராமத்தைப் பற்றிய உரை நடந்த அதே நவம்பர் மாதம் 29-ஆம் தேதி அவர் சொன்ன இன்னொன்று யாருக்கும் மனப்பாடம் இல்லை. கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்று இப்போது 15(2) ஆக இருக்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. "கடை" என்றால் என்ன என்று சபையில் கேட்டார்கள். மிக விரிவான பொருளில்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம், தேடி வருகிறவருக்குச் சேவை தரத் தயாராக இருக்கும் எந்த இடமும் கடைதான் என்ற பொருளில் விளக்கம் கொடுத்தார். 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வழக்கில் இந்த விளக்கத்தைக் கையில் எடுத்து, கடை என்பதற்கு விரிந்த பொருள் உண்டு என்றது.

வாசலில் "டு லெட்" பலகை மாட்டி, ஆன்லைனில் படம் போட்டு, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் பேசி, யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று ஊருக்கே கூவி விற்கிற பொருள் வாடகை வீடு. அது கடை இல்லாமல் வேறென்ன? 1924-இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து பொதுச்சாலையையும் கிணற்றையும் நமக்குத் திறந்தார். நூறு வருடம் ஆகிவிட்டது. சாலையில் நடக்கலாம், சாலையோரத்து வீட்டில் குடியிருக்க முடியாது என்றால் அந்தத் திறப்பு பாதிதான் முடிந்திருக்கிறது.

"என் வீடு, என் இஷ்டம்" என்பது எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம். சட்டமும் சில இடங்களில் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2005-இல் அகமதாபாத்தில் உள்ள ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் சுதந்திரமாம். அது தலித்துகள் தொடுத்த வழக்கு இல்லைதான். ஆனால் பரோடா விடுதியை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். சிறுபான்மையினர் தங்களுக்குள் சேர்ந்து வாழ்கிற உரிமை என்று அங்கே திறந்த கதவு, பெரும்பான்மைச் சாதி அபார்ட்மெண்ட் சங்கங்களுக்கு எவ்வளவு வசதி!

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அட்வான்ஸ் எவ்வளவு, வாடகையை எப்படி உயர்த்தலாம், ஒப்பந்தத்தை எங்கே பதிவு செய்யவேண்டும், எப்படிக் காலி செய்ய வைக்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது. சாதி கேட்டு வீடு மறுத்தால் என்ன தண்டனை என்று தேடுங்கள். கிடைக்காது. சமூகநீதி மண் என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற மண்ணின் வாடகைச் சட்டம் இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது, அதை வைத்து வாதாடலாம் என்று வழக்கறிஞர் தோழர்கள் சொல்கிறார்கள். வாதாடவேண்டும். ஆனால் "பையன் மும்பையிலிருந்து வர்றான்" என்று சொல்லி மறுக்கும் வீட்டுக்காரரை எந்தக் காவல் நிலையத்தில் எப்படிப் புகார் கொடுப்பீர்கள்? தனியாக, வாடகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சட்டம் வேண்டும். அமெரிக்காவில் 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள் கையெழுத்தான வீட்டுவசதிச் சட்டம் அதைச் செய்தது. உரிமையாளர் தானும் குடியிருக்கும் சிறிய கட்டடங்களுக்கு அதில் விலக்கு வைத்தார்கள், அது அந்தச் சட்டத்தின் ஓட்டை. ஆனால் அந்த விலக்கு உள்ளவர்கள்கூட இன்னாருக்குத்தான் வீடு என்று விளம்பரம் செய்யக்கூடாது. நம் ஊர்ப் பலகைகளுக்கு அந்த ஒரு வரி போதும்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறேன், வேறென்ன செய்ய? எங்கள் அட்டையில் அந்தச் சொல்லை அச்சடித்ததே அரசாங்கம்தான். ஆனால் பெயரை மாற்றினால் முகவரி மாறிவிடுமா? கண்ணகி நகரைக் கேளுங்கள்.

என் வேலை என்னை அங்கே கொண்டுபோனது. 2000-த்திலிருந்து நகரத்துக் குடிசைகளை இடித்து மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்லவேண்டுமா? சிலப்பதிகாரத்து நாயகி பெயரைவிட நல்ல பெயர் எங்கே கிடைக்கும்? அந்தப் பெயரை பயோடேட்டாவில் எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள பிள்ளைகள் "துரைப்பாக்கம்" என்று மாற்றி எழுதுகிறார்கள். ஊரில் சேரியை எல்லைக்கு வெளியே வைத்தார்கள். பட்டணம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எட்டு மாடியில் அடுக்கி வைத்திருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்பும் முதல் பேருந்தில் ஏறிப் பாருங்கள். என்னை மறுத்த வேளச்சேரி, ஆதம்பாக்கம் வீடுகளைக் கூட்டிப் பெருக்கும் அம்மாக்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குள் வந்து பாத்திரம் தேய்க்க முகவரி தடையில்லை.

"எப்படி நிரூபிப்பீங்க?" என்று கேட்கிறார்கள். நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லி தலைநகர்ப் பகுதியில் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரிச் சம்பளம் என்று சொல்லி, பெயரை மட்டும் மாற்றி வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. ஆதிக்கச் சாதிப் பெயர் சொன்னவர்களில் ஒருவருக்கும் நேரடி மறுப்பு இல்லை. தலித் பெயருக்கு நூற்றுக்கு 18, முஸ்லிம் பெயருக்கு 31. அதாவது இது நம்மோடு நிற்கிற விஷயமும் இல்லை. நமக்கு முன்னால் அதே படியில் ஒரு முஸ்லிம் தம்பி ஏறி இறங்கியிருப்பான்.

இதைச் சென்னையில், மதுரையில், கோவையில் நாமே செய்யலாம். போன் இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள். ஒரே விளம்பரத்துக்கு இருவரும் பேசுங்கள், ஒரே சம்பளம் சொல்லுங்கள், ஊரை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். தேதி, நேரம், சொன்ன காரணம், வார்த்தை மாறாமல். ஒருத்தியின் கதையை "உனக்கு அப்படி நடந்திருக்கு" என்று தட்டிவிடுவார்கள். முந்நூறு பேரின் நோட்டை ஒரு சட்டமன்ற உறுப்பினர் மேசையில் வைத்தால் அப்படித் தட்டிவிட முடியாது.

பொய் சொல்லலாமா என்ற கேள்வியில் நம் ஆட்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. "அடையாளத்தை மறைப்பவன் துரோகி" என்று சென்ற மாதம் ஒரு தம்பி மேடையில் முழங்கினான். விடுதியில் இலவசமாகத் தங்கிக்கொண்டு அதைச் சொல்வது சுலபம். ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டியோடு நிற்கும் பெண் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள். மறைத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பதினேழில் மூன்று வாசலில் நானே "திண்டுக்கல் டவுன், பேகம்பூர் பக்கம்" என்று அளந்திருக்கிறேன். மறைத்துக் கிடைக்கும் வீட்டில் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மா அப்பா பார்க்க வரும்போது வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவேண்டும், ஏப்ரல் 14 அன்று கதவைச் சாத்திக்கொண்டு நீலச் சேலை கட்டவேண்டும்.

தங்கச்சிக்கு நடுராத்திரிக்குத்தான் பதில் அனுப்பினேன். "முடிவு உன்னுடையது. நீ எதைச் செய்தாலும் நான் உன் பக்கம். கொடுப்பதாக இருந்தால், அவங்க என்ன சொல்றாங்கன்னு அப்படியே எழுதி வை." அவள் கொடுத்தாள். நேற்றுச் சாயந்தரம் பதில் வந்தது.

"ஓனரம்மாவோட தம்பி துபாய்ல இருந்து வர்றாராம் அக்கா. 16-ம் தேதி, 5.40. எழுதிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"வியாசர்பாடி அம்மா நம்பர் இருக்கா?"